வடக்குக் கதவு என்னுடையது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. வெயில் குறையவில்லை, புழுதி மட்டும் கூடுதல். இண்டூர் பஸ் நிறுத்தத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

இன்று சொல்லாமல் விட்டவை:

போட்டி நடத்தும் சேலத்துக்காரரிடம்: "ஏமாற்றவில்லை என்று நாங்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்? ஏமாற்றினோம் என்று நீங்கள் நிரூபியுங்கள்." சொன்னது: "சரிங்க சார்."

அண்ணனிடம்: "உன் மடிக்கணினி உன் கம்பெனியுடையது. அதில் ஒரு படம் மாற்றக்கூட நீ யாரையோ கேட்க வேண்டும். என்னுடையது என்னுடையது." சொன்னது: "பாக்கலாம்ணா."

அம்மாவிடம்: ஒன்றுமே இல்லை. முகம் ஏன் இப்படி என்று கேட்டாள். புழுதி என்றேன்.

மஞ்சுவிடம்: "பயமாக இருக்கிறது." சொன்னது: "நான் பாத்துக்கறேன்டி."

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் கோபம் சேர்ந்துவிடும்.

நேற்று முதல் சுற்று. ஜெயித்தோம். நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற ஆட்டம். ஆங்கிலப் பெயர் ஒரு முழ நீளம். எங்களுக்கு அது 'கோட்டை'. நான்கு திசைக்கு நான்கு கதவு. கிழக்கு மஞ்சு, தெற்கு ஸ்டெல்லா, மேற்கு செல்வி, வடக்கு நான். தர்மபுரியில் விடுதியில் இருந்த நாளிலிருந்து இதே கதவுகள். இன்று மஞ்சு பாலக்கோட்டில் மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தில், ஸ்டெல்லா பொம்மிடியில் மருந்துக் கடையில், செல்வி வத்தல்மலையில் அவள் வீட்டில் தையல் மிஷினோடு. கல்யாணம், காதுகுத்து தவிர நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இது.

ஜெயித்த இருபதாவது நிமிடம் நான்கு பேர் கணக்கும் பூட்டிக்கொண்டது. திரையில் ஒரே வரி: விதிமீறல் கண்டறியப்பட்டது. என்ன விதி? எங்கே மீறல்? இல்லை.

ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காவல் நிரல் உண்டு. நாங்கள் அதை வாட்ச்மேன் என்போம். எங்கள் நான்கு கணினியிலும் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; இலவச இயங்குதளம், உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம். லினக்ஸ் என்றாலே வாட்ச்மேனுக்கு ஒரு முறைப்பு.

சேலத்துக்காரர், போனில்:

"மேடம், நாலு பேருமே லினக்ஸா? அதான் மேடம். பேசாம விண்டோஸ் போட்டுக்கங்க. எதுக்கு வம்பு?"

"ரூல்ஸ்ல லினக்ஸ் ஆகும்னு போட்டிருக்குதுங்களே சார்."

"போட்டிருக்கும் மேடம். போட்டிருக்கறதெல்லாம் நடக்குதா?"

முறையீட்டுக்கு வெள்ளி மாலை ஆறு வரை. இரண்டாம் சுற்று ஞாயிறு நாலு மணிக்கு.

இன்னொன்று. நேற்று ஆட்டத்தை நேரலையில் பார்த்த ஒருவன் கீழே எழுதியிருந்தான்: "இது பொண்ணுங்க டீமே இல்ல. ஒரே ஆளு நாலு ஐடி வெச்சு ஆடறான்." அதற்குக் கீழே சிரிப்பு முகங்களாக ஒரு வரிசை. கணக்கு பூட்டிய பிறகு அவனே மறுபடி: "சொன்னேன்ல."

இதுதான் தூங்கவிடாது.

ஜூன் 10, செவ்வாய்

அதே காற்று. வேலிக் கம்பியில் காய்ந்த என் நீலத் துப்பட்டா பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் கிடந்தது.

அண்ணன் இந்த வாரம் ஓசூர் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. கூடத்தில் அவன் கம்பெனி மடிக்கணினி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதை ஒரு தட்டுத் தட்டுகிறான்.

"இந்தா, எங்கிட்ட விண்டோஸ் இருக்குது. ஞாயித்துக்கெழம ஆடிக்க. உன்னுதுல ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடி ஆட்டத்தையே ரிப்பேர் பண்ணோணும்."

பொய்யில்லை. பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். எனக்கு மட்டும் ஒரு பட்டியல், யாருக்கும் காட்ட மாட்டேன். இரண்டு வருடத்தில் லினக்ஸில் ஆடியதில் பட்டது:

- ஆட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரை. குறைந்தது ஒரு சாயங்காலம் போகும்.
- ஒலி இடது காதில் மட்டும். வலது பக்கம் எதிரி வந்தால் செத்தபிறகுதான் தெரியும். காரணம் இன்றுவரை தெரியாது. சில நாள் தானே சரியாகும்.
- இணையத்தில் உதவி கேட்டால் முதல் பதில்: "எனக்கு நன்றாக ஓடுகிறதே."
- இரண்டாவது பதில்: "நீ ஏன் அதை ஆட வேண்டும்?"
- மூன்றாவது பதிலில்தான் விஷயம் இருக்கும். அதை எழுதியவர் வேறு ஏதோ நாட்டில், அதே ராத்திரியை அதே கறுப்புத் திரையோடு கழித்தவர்.
- ஆடிய நேரத்தைவிட ஆட வைத்த நேரம் அதிகம். பல மடங்கு.

ஏன் விடவில்லை என்றால்: பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி இது. நால்வரிடமும் இதே கறுப்புப் பெட்டி. இரண்டு வருடம் முன்பு நான்கும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. திறந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். தர்மபுரியில் கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கும்மா." நான் தூக்கிப் போடவில்லை. ஒரு மே மாதம் முழுக்க, லினக்ஸ் போடுவது எப்படி என்று படித்தேன். எனக்குப் புரியாத நூறு பக்கங்கள், புரிந்த பத்துப் பக்கங்கள். பெட்டி எழுந்தது. கோட்டையும் ஓடியது. நான் படித்த எந்த நாவலின் கடைசிப் பக்கமும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை.

பிறகு மற்ற மூவரும் கேட்டார்கள். ஆட்டம் மட்டும் இருபத்திரண்டு ஜிபி. எங்களுக்குப் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை. ஆளாளுக்கு இறக்க முடியாது. என் பெட்டிக்குள் இருந்ததை அப்படியே, ஒன்று விடாமல், ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்தேன். அதைத் துணி சுற்றி டிபன் டப்பாவில் வைத்து மூன்று ஞாயிறு, மூன்று பஸ். பாலக்கோடு, பொம்மிடி, வத்தல்மலை. ஒவ்வொரு பெட்டியிலும் அப்படியே கொட்டினேன். ஒரு வாரம் மூன்று பேர் திரையிலும் என் முகப்புப் படமான எங்கள் வீட்டுப் பூனை. செல்வியின் அப்பா அது அரசாங்கப் பூனை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்படி எழுப்பிய பெட்டியைத்தான் வாட்ச்மேன் திருட்டுப் பெட்டி என்கிறான். விண்டோஸ் போட மாட்டேன். போட்டாலும் எழுந்திருக்காது என்பது வேறு விஷயம். எழுந்திருந்தாலும் போட மாட்டேன்.

படிக்கிற நாவல்: 112ஆம் பக்கத்திலேயே நிற்கிறது.

ஜூன் 11, புதன்

மதியம் மேகம் கூடியது, கலைந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி திறந்து மூன்றாம் நாள். அலுவலகத்தில் புதுப் பிள்ளைகளின் அடையாள அட்டை அச்சிடும் வேலை எனக்கு. பசை வாடை கையிலேயே இருக்கிறது.

காரணம் கேட்டு எழுதியிருந்ததற்குச் சாயங்காலம் ஆட்டத்தை நடத்தும் கம்பெனியிலிருந்து பதில். மூன்று வரி. இந்த முறை காரணம் இருக்கிறது: நான்கு கணக்குகளும் ஒரே கணினியிலிருந்து இயக்கப்பட்டுள்ளன.

ஒரே கணினி.

நால்வரும் போனில். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

மஞ்சு: "என்னாது, ஒரே கணினியா? நான் பாலக்கோட்டுல மாம்பழ நாத்தத்துல உக்காந்திருக்கறேன். இவ பொம்மிடில ரயிலு சத்தத்துல ஆடறா."

ஸ்டெல்லா: "ரயிலு போறப்பல்லாம் என் கதவுதான் விழுவுது. அதக் கேட்டாவாவது தெரிய வேணாம்?"

செல்வி: "எங்க வூட்ல சிக்னலு ஒரு மூலைல தான். ராகி டிரம்மு மேல வெச்சு ஆடறேன். அவனுங்கள வந்து டிரம்ம பாக்கச் சொல்லு."

மஞ்சு: "நீ எழுதுடி. உனக்குத்தான் எழுத வரும். நல்லா நாலு கேளு."

எழுதினேன். என்னிடம் இருக்கிற எல்லா ஆங்கிலத்தையும் போட்டு எழுதினேன். இண்டூருக்கும் பாலக்கோட்டுக்கும் வத்தல்மலைக்கும் பொம்மிடிக்கும் இடையில் எத்தனை பஸ் மாற வேண்டும், நடுவில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று. ஒரே நேரத்தில் நான்கு ஊரில் உட்காரும் பெண்ணை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று கேட்டேன். லினக்ஸ் மேல் இருக்கிற இளக்காரத்தை ஒரு கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்ல வேண்டாம் என்றேன். "எங்கள் கணினியில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை, அது திறந்திருக்கிறது, மூடியிருப்பது உங்களுடையது" என்று முடித்தேன். 6:50க்கு அனுப்பினேன்.

மஞ்சுவுக்குப் படித்துக் காட்டினேன். "சூப்பர்டி. செருப்பால அடிச்ச மாதிரி இருக்குது."

அண்ணனும் கதவருகில் நின்று கேட்டிருக்கிறான். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டி நீ" என்றான். கிண்டலா, இல்லையா, தெரியவில்லை.

இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் தூறல், மண் வாசம், பிறகு வழக்கம்போல் வெயில்.

கா. 8:40. பள்ளி வாசலில் வேன் டிரைவர் மாதேஷ் அண்ணன், கையில் மூன்று அட்டை.

"ஏம்மா, வண்டி மெஷினுல இந்த மூணு புள்ளையும் அட்டையக் காட்டினா ஒரே புள்ள வந்திருக்குதுன்னு சொல்லுது. வண்டில மூணு உக்காந்திருக்குது. நான் எந்தப் புள்ளைய எந்த ஸ்டாப்புல எறக்கி வுடறது?"

வாங்கிப் பார்த்தேன். மூன்று பெயர், மூன்று படம், ஒரே சேர்க்கை எண். முதல் அட்டையை நகல் எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றியிருக்கிறேன். எண்ணை மாற்றவில்லை. நான்தான்.

"மன்னிச்சுக்கங்கண்ணா, இப்பவே மாத்தித் தர்றேன்."

"மெதுவா மாத்தும்மா. புள்ளைங்களுக்குத் தாங்க யாருன்னு தெரியும்."

அச்சு இயந்திரத்தின் முன் போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. முகப்புப் படத்தில் எங்கள் பூனை. ஒன்று விடாமல் நகல். அப்படியே கொட்டினேன்.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். இதைப் பற்றி எங்கோ படித்திருக்கிறேன், புரியாத நூறு பக்கங்களில் ஒன்றில். இயங்குதளம் முதன்முதலில் எழும்போது தனக்கென்று ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். முப்பத்திரண்டு எழுத்து. உலகத்தில் வேறு எந்தக் கணினிக்கும் அந்த எண் இருக்காது. நகல் எடுத்தால் தவிர.

என்னுடையது: ஏழு, சி, மூன்று, ஈ, ஒன்பது, ஏ என்று தொடங்குகிறது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

"ஏழு. சி. மூணு. ஈ."

"ஒம்பது, ஏ?"

"உனக்கெப்படிடி தெரியும்?"

"சும்மா."

செல்வியும் மஞ்சுவும் அதையே படித்தார்கள். ஏழு, சி, மூன்று, ஈ, ஒன்பது, ஏ. மூன்று தடவை கேட்டேன். வேண்டுமென்றே கடைசி எழுத்துவரை கேட்டேன், ஒன்றாவது மாறியிருக்கும் என்று.

வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது ஒரே கணினியைத்தான்.

இன்று சொல்லாமல் விட்டது ஒன்றுதான். மூவரிடமும்.

நேற்று அனுப்பிய கடிதத்தை மறுபடி படித்தேன். கொண்டை ஊசி வளைவு வரியில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். அரை நாள் விடுப்பு. எழுதிக் கொடுத்த காரணம்: தலைவலி. பொய். உண்மை பேசப் போகிற நாளை ஒரு பொய்யோடு தொடங்கினேன்.

காலையில் எழுந்ததும் தெளிவாக இருந்தது. திறந்த கணினி என்று பெருமை பேசினேன். திறந்திருப்பதால்தான் என் தப்பை என்னால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பார்த்த பிறகு மூடிவைத்தால் அந்தப் பெருமை எதற்கு?

மதியம் 1:15, மஞ்சு. ஆலையில் மாம்பழ லாரிகள் வரிசை, பின்னால் ஹாரன். எல்லாவற்றையும் சொன்னேன். அடையாள அட்டை, டிபன் டப்பா, எண்.

ஹாரனிலிருந்து தள்ளி நடந்து வந்தாள்.

"அப்ப உன்னால தான்."

"ஆமா."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து சாயங்காலம் எங்கிட்ட அந்த நம்பர மூணு தடவ படிக்கச் சொன்ன. ஒரு வார்த்த சொல்லல."

"ஆமா."

தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவள் வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் எங்களிடமும். எனக்குப் புரியாது என்பதால் அது எனக்கு எப்போதும் ஒரு சலுகை.

பிறகு தமிழில்: "சரி. நம்பர மாத்திட்டு, இது லினக்ஸோட கோளாறுன்னு எழுதிடு. எல்லாத்துக்கும் ஒரே நம்பர் குடுத்துடுச்சுன்னு சொல்லு. அவனுங்களுக்கென்ன தெரியப் போவுது? உன் தலைல எதுக்குப் போட்டுக்கற?"

ஒரு நிமிடம் யோசித்தேன். எவ்வளவு சுலபம். அந்தக் கம்பெனி நம்பும், சேலத்துக்காரர் நம்புவார், அண்ணன் ரொம்ப நம்புவான். எல்லோரும் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

"அது பண்ணாத தப்ப அது மேல போட மாட்டேன்டி."

"அது என்ன உன் வூட்டுக்காரனா?"

"இல்ல. ஆனா பண்ணது நான்."

"போடி" என்றாள். வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். "என்னா டைப் பண்ணோணும் சொல்லு. பத்து நிமிசந்தான் பர்மிசன்."

பழைய எண்ணை அழித்துப் புது எண் உண்டாக்க இரண்டே வரி. அந்த இரண்டு வரியை மூன்று ஊருக்குப் போனில் சொல்ல ஒன்றரை மணி நேரம். ஸ்டெல்லா பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்திருந்தாள்.

"ஸ்பேஸ் விடு."

"எவ்ளோ?"

"ஒண்ணுதான்டி."

"இரு, ஒருத்தர் இருமல் மருந்து கேக்கறாரு... அண்ணா, சாப்பாட்டுக்கப்புறம். ரெண்டு மூடி... ம், சொல்லு. கோடு சாஞ்சது எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் சாஞ்சது."

"அண்ணா, உங்களுக்கில்ல."

செல்வியோடு பேசும்போது மூன்று முறை லைன் போனது. நான்காவது முறை அவள் சொன்னது: "எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு. உன் பூனை எங்க வூட்ல இருந்துச்சில்ல."

கோபமா என்று கேட்டேன். "ரெண்டு வருசம் இதுல ஆடுனேன். நீ டப்பால கொண்டுட்டு வரலன்னா ஆடியே இருக்க மாட்டேன். கதவ பாரு" என்றாள். ஆட்டத்தில் சொல்வது மாதிரி.

கடிதம். இந்த முறை பஸ் இல்லை, வளைவு இல்லை. என்ன செய்தேன், எப்போது, ஏன், நால்வருக்கும் இருந்த ஒரே பழைய எண், நான்கு புது எண். முந்தைய கடிதத்தில் ஒரே கணினி இல்லை என்றது உண்மை. உங்கள் நிரல் தவறு என்றது தவறு. லினக்ஸ் மேல் பழி இல்லை, மற்ற மூவர் மேலும் இல்லை, நகல் எடுத்தது நான். ஆனால் ஒன்றையும் சேர்த்தேன்: முதல் நாளே காரணம் சொல்லியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன்; காரணம் சொல்லாமல் பூட்டுவது காவல் ஆகாது. அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

மா. 5:41க்கு அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

நல்ல மழை, மதியம் அரை மணி நேரம். கூரைத் தகரத்தில் சத்தம்.

3:20க்குப் பதில். மூவர் கணக்கும் திறக்கப்பட்டது. எண் முதலில் எந்தக் கணினிக்குச் சொந்தமோ அந்தக் கணக்கு, அதாவது என்னுடையது, முப்பது நாளுக்குப் பூட்டியிருக்கும். நகலுக்குப் பொறுப்பு. ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று ஒரு வரி.

விதிப்படி மூவர் ஆடலாம். மூவருக்குக் குறைந்தால்தான் ஆட முடியாது.

சேலத்துக்காரர் கூப்பிட்டார். குரலில் வேறு மரியாதை. "மேடம், நீங்களாவே எழுதினீங்களாமே? எதுக்கு மேடம், சும்மா இருந்திருக்கலாம்." பிறகு, "ஒண்ணு கேக்கலாமா? எங்க ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குது. லினக்ஸ் போட்டா எந்திரிக்குமா?"

எழுந்திருக்கும் என்றேன். நகல் மட்டும் எடுக்காதீர்கள் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். "எம்பேர்லயே ஒரு கணக்கு இருக்குது. எப்பவோ ஆரம்பிச்சது. எங்கம்பெனி பொட்டி. நாளைக்கு அதுல உக்காந்து ஆடு. நாலாவது ஆளு நாந்தான்னு போட்டுக்கலாம். யாருக்குத் தெரியும்?"

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் அப்படிச் சொன்னால் நல்லெண்ணம்.

"வேணாம்ணா."

"வீம்பு."

"வீம்புதான்."

அம்மா குறுக்கே: "ஆடறதுக்கு அவன் பொட்டி, இவ பொட்டின்னு என்னடா? பொட்டிக்குப் பொட்டி கதவா போட்டிருக்குது?"

"ஆமாம்மா" என்றேன். "நாலு கதவு."

அண்ணன் பெயரில் நான் ஆடினால் ஒருவர் இன்னொருவராக ஆடுவது. வாட்ச்மேன் எங்கள் மேல் சொன்ன குற்றமே அதுதான். அவன் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. நாளைக்கு அதை நான் உண்மையாக்க மாட்டேன்.

மஞ்சுவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வடக்க யாரு பாக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், புழுக்கம். கரண்ட் இருக்குமா என்பதே காலையிலிருந்து நினைப்பு. இருந்தது.

நாலு மணி. என் பெட்டியில் நேரலை, இணையம் அண்ணன் போனிலிருந்து. ஆட்டம் நடப்பதற்கு இரண்டு நிமிடம் பின்னால் படம் வரும். நான் பார்க்கும்போது எல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கும். போனை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கையில் இருந்தால் மஞ்சுவுக்கு ஏதாவது சொல்லிவிடுவேன்.

கிழக்கில் மஞ்சு, தெற்கில் ஸ்டெல்லா, மேற்கில் செல்வி. வடக்கில் விளக்கு மட்டும். நான் பார்த்ததே இல்லை அந்தக் கதவை, வெளியிலிருந்து. உள்ளே நிற்கும்போது அது இவ்வளவு பெரிதாக இருக்காது.

கீழே பார்ப்பவர்களின் எழுத்துகள் ஓடின; நகல் விஷயம் எப்படியோ வெளியே வந்திருக்கிறது. "வந்துட்டாங்க ஜெராக்ஸ் டீம்." "நாலாவது காப்பி எங்க? இங்க் தீந்துடுச்சா?"

எதிரணி இன்னும் தாக்க வரவில்லை; கீழே ஓடுவதை மஞ்சுவும் பார்த்திருக்க வேண்டும். மஞ்சு மைக்கைத் திறந்தாள். ஆட்டம் நடுவில் அவள் பேசியே நான் கேட்டதில்லை. பேசினால் கவனம் போகும் என்பாள். பின்னால் குக்கர் விசில்.

"நாங்க நாலு பேருங்க. ஒருத்தி தப்பு பண்ணா, தானே சொல்லிட்டா, வெளிய நிக்கறா. அந்தக் கதவு அவளோடது. அத வெச்சு யாரும் காமெடி பண்ண வேணாம்."

மைக்கை மூடிவிட்டாள்.

எழுத்துகள் கொஞ்சம் நின்றன. நிறையவெல்லாம் இல்லை. கொஞ்சம்.

அண்ணன் எப்போது வந்து என் பின்னால் நின்றான் தெரியவில்லை. செல்வி மேற்கிலிருந்து வடக்குக்கு ஓடினாள், திரும்ப ஓடினாள், மறுபடி ஓடினாள். இரண்டு கதவை ஒருத்தி. பதினோரு நிமிடம் தாக்குப் பிடித்தார்கள். பன்னிரண்டு நிமிடம் நின்றால் ஜெயம்.

"இன்னும் ஒரு நிமிசம்தான்" என்றான் அண்ணன், அவன் ஆடுகிற மாதிரி.

நாற்பது விநாடி இருக்கும்போது வடக்குக் கதவு விழுந்தது. தோற்றார்கள். போட்டியிலிருந்து வெளியே.

அம்மாவிடமிருந்து போனை வாங்கினேன். செல்வியிடமிருந்து ஒரு செய்தி: "உன் கதவு ரொம்ப கஷ்டம்டி. இத்தன நாளு சொல்லவே இல்ல."

ஜூலை 14, திங்கள்

தூறல். துணி எதுவும் காயவில்லை.

பிற்பகல் 3:20க்குக் கணக்கு திறந்தது. ஐந்தரைக்கு நால்வரும் உள்ளே போனோம். ஆட்டம் இடையில் ஒரு முறை புதுப்பித்திருக்கிறார்கள், முதலில் கறுப்புத் திரை, அரை மணி நேரம் போனது, காத்திருந்தார்கள். ஒலி இடது காதில் மட்டும். வடக்குக் கதவில் நின்றேன்.